தில்லிக்கு மாற்றல்!

"தில்லிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது" என்ற செய்தி வீட்டுக்கு வந்ததும், குடும்பத்தில் ஒவ்வொருவர் மனக்கண் முன்னும் ஒவ்வொரு காட்சி தோன்றுகிறது. குடும்பத் தலைவருக்குப் பெரிய உத்தியோகமும் பெரிய நாற்காலியும். பையனுக்குக் குதுப் மினாரும் செங்கோட்டையும். பெண்ணுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கவலை. பாட்டிக்கோ ஹரித்துவாரமும் கங்கா ஸ்நானமும். வீட்டுத் தலைவி மாத்திரம் அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்து, "அங்கே புழுங்கலரிசி கிடைக்குமா?" என்று கேட்கிறாள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல அது. பெட்டி படுக்கையைக் கட்டி, சுமார் 2,180 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, முன்பின் தெரியாத ஊரில் மறுநாள் காலை அடுப்பை மூட்டப் போகிறவள் அவள்தான். மற்றவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. வீட்டைப் புதிதாக உண்டாக்கும் பொறுப்பு அவளைச் சேர்ந்தது.

இன்று மாற்றல் உத்தரவு மனைவியின் பெயருக்கும் வருகிறது. கணவருடன் போவதற்காகத் தன் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்யும் பெண்களும் உண்டு. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்குப் புது ஊரின் பகல் நேரம் மிகவும் நீளமானது. ஆகையால், தில்லியில் குடித்தனம் வைக்கப் போகும் சகோதரிகளுக்குப் பயன்படக் கூடிய சில விஷயங்களை இங்கே சொல்லலாம் என்று தோன்றுகிறது. தூரத்து ஊர் எதற்குப் போனாலும் இவற்றில் பாதியாவது பொருந்தும்.

முன்னே போனவர்கள்

முதலில் தைரியம் தரும் செய்தி. நீங்கள் புதுப் பாதை போடப் போவதில்லை. கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றப் போவதாக 1911-ல் அறிவிப்பு வந்தது. புது தில்லி நகரத்தின் திறப்பு விழா 1931-ல் நடந்தது. இடைப்பட்ட காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்தை நம்பி நம்மவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கள் குழந்தைகளின் படிப்புக்காக 1923-ல் ஒரு கல்விச் சங்கத்தையும் தொடங்கினார்கள். அதன் வழிவந்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று 7 பள்ளிகளை நடத்துகிறது.

ரயில் விஷயமும் அப்படித்தான். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. பிற்காலத்தில் அது தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் வண்டியாயிற்று. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. கூஜாவில் தண்ணீரும், இலையில் கட்டிய மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும், புளியோதரையுமாக இரண்டு இரவுகள் ரயிலில் கழித்த குடும்பங்கள் எத்தனை எத்தனை! இப்போது விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். தூரம் சுருங்கிவிட்டது. ஆனால் உடம்பும் மனசும் போய்ச் சேருவதற்கு இன்னும் பழைய ரயில் வேகந்தான்!

தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் ஏற்பட்டது. ராமகிருஷ்ணபுரத்தில் அதன் கட்டடம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்கள் நிறைந்த நூல்நிலையமும் உண்டு. அதே பகுதியில் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். 1973-ல் கும்பாபிஷேகம் ஆன அந்தக் கோயிலை ஊரார் 'மலை மந்திர்' என்கிறார்கள். ஊருக்குப் போன முதல் மாதத்திலேயே இந்த இரண்டு இடங்களுக்கும் குடும்பத்தோடு போய் வாருங்கள். சாமி தரிசனம் ஆவதுடன், எந்தக் கடையில் நல்ல காபிப் பொடி கிடைக்கும் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

வெயிலும் குளிரும்

சென்னைவாசிகளுக்கு வெயில் புதிதா என்று நினைக்கலாம். தில்லி வெயில் வேறு ஜாதியைச் சேர்ந்தது. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி வரையில் ஏறும். மேற்கிலிருந்து 'லூ' என்ற அனல் காற்று வீசும். நம் ஊரில் வியர்த்துக் கொட்டும். தில்லியிலோ வியர்வை தோன்றுவதற்குள் காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்து போகக் கூடாது. தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் மாங்காயைச் சுட்டோ வேக வைத்தோ பிசைந்து, உப்பும் சீரகமும் சேர்த்து 'ஆம் பன்னா' என்று ஒரு பானம் செய்கிறார்கள். நம் நீர்மோருக்கு அது நல்ல தோழி.

காற்று அப்படிக் காய்ந்திருப்பதால் 'கூலர்' என்னும் தண்ணீர்ப் பெட்டி அங்கே நன்றாக வேலை செய்கிறது. ஈரத் தட்டிகள் வழியே காற்று புகும்போது தண்ணீர் ஆவியாகி, காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஜூலையில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அதே கூலர் புழுக்கத்தைத்தான் அதிகமாக்கும். சென்னையில் அது சோபிக்காததற்கும் இதுவே காரணம்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தில்லிக்கோ அப்போது மழை முடிந்து குளிர் ஆரம்பம். சென்னையில் மார்கழி இரவில் 20 டிகிரிக்கே நாம் போர்வையைத் தேடுகிறோம். தில்லியில் ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் 4 டிகிரிக்கும் இறங்கிவிடும். வீடுகளோ வெயிலை உத்தேசித்துக் கட்டப்பட்டவை. வெளியில் வெயிலும் உள்ளே குளிருமாக இருக்கும் வினோதத்தை அங்கேதான் பார்க்கலாம். சென்னையிலிருந்து கம்பளிகளை மூட்டை கட்ட வேண்டாம். பஞ்சு அடைத்த 'ரஜாய்' அங்கேயே வாங்குவது நல்லது. அந்தக் குளிருக்கு அதுதான் தாங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிருக்காகக் கரி அடுப்பை - அங்கே 'அங்கீட்டி' என்பார்கள் - படுக்கை அறையில் வைத்துக் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒருநாளும் தூங்கக் கூடாது. கரி சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். இன்னொன்று: அக்டோபர் கடைசியிலிருந்து காற்று அசைவற்றுப் போவதால், வண்டிகளின் புகையும், அண்டை மாநிலங்களில் வயல்களில் எரிக்கும் வைக்கோல் தாளின் புகையும், புழுதியும் ஊர் மேலேயே தங்கிவிடுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் புறப்படுவதற்கு முன்பே வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். அதிகாலையில் உலாவும் வழக்கத்தை அந்த நாட்களில் நிறுத்திவைப்பதே க்ஷேமம்.

இட்லி மாவுக்கும் ரஜாய்!

தில்லிக்குப் போன முதல் மார்கழியில் நம் பெண்களுக்குத் துக்கம் தருவது இட்லி மாவுதான். நம் ஊரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை மீறி எழும். தில்லியில் மறுநாள் மாலை வரையில் அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அரிசியின் மேலும் குற்றம் இல்லை, உளுந்தின் மேலும் குற்றம் இல்லை. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கதகதப்பு வேண்டும். ஆகவே வெந்நீர் கலந்து அரைப்பது, உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் சேர்ப்பது, பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைத்து மேலே பழைய கம்பளியைச் சுற்றுவது முதலிய உபாயங்களைக் கையாள வேண்டும். "எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு ரஜாய், மாவுப் பாத்திரத்துக்கும் ஒன்று" என்று கரோல்பாகில் ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார். தயிர் உறைவதற்கும் இதே சிகிச்சைதான். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்துவிடும். தலைவாரும் நேரத்தில் குப்பியை வெயிலில் வைத்து உருக வைக்கும் வேலை பெண் குழந்தைகளைச் சேர்ந்தது.

புழுங்கலரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் நம்மவர்கள் அதிகமாக வசிக்கும் பேட்டைகளில் கிடைக்கின்றன. ஆனால் ஆறு மாதமும் கத்தரிக்காய்க் கொத்சுக்கும் முருங்கைக்காய் சாம்பாருக்கும் ஏங்கிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஊர் பூமி தருவதைச் சமைக்கப் பழகுவது புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் தில்லிச் சந்தையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சிவப்புக் காரட், பனியில் நனைந்த வெந்தயக் கீரை, மலைபோல் குவித்த பச்சைப் பட்டாணி, தும்பைப் பூ நிறத்தில் காலிபிளவர்! அந்தப் பட்டாணியைப் போட்டு அரிசி உப்புமாக் கிளறிப் பாருங்கள். முள்ளங்கி சாம்பாருக்கு அந்தக் குளிர்கால முள்ளங்கி மாதிரி வேறு எதுவும் அமையாது.

கடையில் ஒரு சங்கடம் நேரும். 'தனியா' என்று கேட்டால் கடைக்காரர் கொத்துமல்லிக் கட்டை எடுத்து நீட்டுவார். நமக்குத் தனியா என்றால் விதை. அவர்களுக்கு இரண்டும் தனியாதான். விதை வேண்டுமானால் 'ஸாபுத் தனியா' என்று கேட்க வேண்டும்.

கானாவா, கானாவா?

இதிலிருந்து பாஷை விஷயத்துக்கு வருவோம். ஹிந்தி வகுப்பில் படித்துத் தேறியவர்கள்கூடக் காய்கறிக்காரரிடம் வந்ததும் தடுமாறிப் போகிறார்கள். நமக்குக் 'க' ஒன்றுதான். ஹிந்தியில் அதற்கு நான்கு எழுத்துக்கள். வயிற்றிலிருந்து மூச்சை எழுப்பிச் சொன்னால் 'கானா' என்பது சாப்பாடு. மெல்லச் சொன்னால் அதுவே பாட்டு. அண்டை வீட்டு அம்மாளிடம், "சாப்பாடு ஆயிற்றா?" என்று விசாரிப்பதாக எண்ணிக்கொண்டு, "பாட்டு ஆயிற்றா?" என்று விசாரித்துவிட்டு வருகிற நம்மவர்கள் உண்டு.

தெரிந்த வார்த்தைகள் தெரியாத வார்த்தைகளைவிட ஆபத்தானவை. நாம் 'உபன்யாசம்' கேட்கப் போவோம். ஹிந்திக்காரர்களுக்கு 'உபன்யாஸ்' என்பது நாவல். நமக்குக் கல்யாணம் என்றால் மேளதாளம். அவர்களுக்குக் 'கல்யாண்' என்பது பொதுநலம். நாம் 'சிட்சை' என்றால் குழந்தை அழும். அங்கே 'சிக்ஷா' என்பது படிப்பு! 'கல்' என்ற வார்த்தை நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். இஸ்திரி போடுகிறவர் புடைவையைக் 'கல்' கொடுத்ததாகச் சொல்கிறாரா, கொடுக்கப் போவதாகச் சொல்கிறாரா என்பதை வாக்கியத்தின் முடிவு வரையில் காத்திருந்துதான் அறிய வேண்டும்.

கணக்கு இன்னும் சோதனை. தமிழில் பத்து எண்ணும் பத்துப் பத்தும் தெரிந்தால் நூறு வரையில் சொல்லிவிடலாம். ஹிந்தியில் நூறுக்கும் ஏறக்குறைய நூறு பெயர்கள். 29 'உந்தீஸ்', 39 'உந்தாலீஸ்', 49 'உன்சாஸ்'. ஒன்று குறைந்த முப்பது, ஒன்று குறைந்த நாற்பது என்ற கணக்கு அது. 'டேட்' என்றால் ஒன்றரை. 'டாயி' என்றால் இரண்டரை. 'பௌனே தோ' என்றால் ஒன்றே முக்கால். 'பாவ்' என்றால் கால் கிலோ. இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே பாடம் பண்ணிவிட்டால் சந்தையில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

மரியாதைச் சொல்லில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 'ஆப்', 'தும்', 'தூ' என்று மூன்று படிகள். சந்தேகம் வந்தால் 'ஆப்' என்றே சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஜி' சேர்த்துக்கொள்ளுங்கள். இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. மரியாதைப் பிழையைப் பொருட்படுத்துவார்கள்.

அடுத்த வீட்டுக்காரர்கள்

தமிழர்களின் பேட்டை என்று பெயர் பெற்ற கரோல்பாகில் 1947-க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறின. லாகூரிலும் ராவல்பிண்டியிலும் வீடும் கடையும் நிலமும் வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் நம் மாமி, ஊரை விட்டு வந்தோமே என்று வருந்துவாள். அடுத்த வீட்டில் ஊரே இல்லாமல் போனவர்கள் வசிப்பார்கள். நமக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போக ரயில் இருந்தது. அவர்களுக்கு எந்த ரயிலும் இல்லை.

அந்தத் தலைமுறையினரில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் உங்கள் அடுத்த வீட்டில் இருப்பார்கள். உரக்கப் பேசுகிறார்கள், முன்பின் யோசியாமல் உள்ளே வருகிறார்கள், நம்மை எல்லாம் ஒரே மூச்சில் 'மதராசி' என்கிறார்கள் என்று குறைப்படுவதற்கு முன்னால் இந்தக் கதையையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாமும் பஞ்சாபி, பீகாரி, ராஜஸ்தானி எல்லோரையும் 'வடக்கத்தியார்' என்ற ஒரே மூட்டையில்தானே கட்டிவிடுகிறோம்?

பண்டிகைகள் இந்தப் பழக்கத்துக்கு நல்ல வாசல். நவராத்திரியில் நாம் கொலு வைத்துச் சுண்டல் கொடுக்கிறோம். அவர்கள் அஷ்டமியிலோ நவமியிலோ சிறு பெண் குழந்தைகளை அழைத்து, கால் அலம்பி, பூரியும் ஹல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் கொடுக்கிறார்கள். அந்தக் கடலை நம் சுண்டலுக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான்! நாம் போகிக்குப் பழையன கழிக்கிற சமயத்தில் அவர்கள் 'லோஹ்ரி' என்று நெருப்பு வளர்த்து, எள்ளும் வேர்க்கடலையும் வெல்லமும் பகிர்ந்துகொள்கிறார்கள். தீபாவளிதான் மாறுபடும். நமக்குச் சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம். அவர்களுக்கு அமாவாசை மாலையில் லக்ஷ்மி பூஜையும் விளக்கு வரிசையும். குழந்தைகளுக்கு இதனால் லாபமே தவிர நஷ்டம் இல்லை. இரண்டு வேளையும் பட்சணம்!

பாட்டியின் பகல்

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமான விஷயம். ஊர் மாறும் குடும்பத்தில் ஆறு மாதத்தில் குழந்தைகள் ஹிந்தியில் சண்டை போடக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு வருஷத்தில் வீட்டுத் தலைவி சந்தையை ஆள்கிறாள். பாட்டி என்ன ஆகிறாள்?

தில்லியில் நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். மகன் நல்லவர், தாயாரைத் தனியே விட மனமில்லாமல் அழைத்து வந்தவர். மருமகளும் பிரியமானவள். இருவரும் ஆபீசுக்குப் போகிறார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். மூன்றாவது மாடி வீடு. கும்பகோணத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிற அத்தனை பேரையும் நிறுத்தி க்ஷேமலாபம் விசாரித்த அம்மாள், காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரையில் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். விளக்கேற்றும் வேளைகூட அவளுக்குப் புரியவில்லை. ஜூனில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம். டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டு.

"அம்மா சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். ஒரு குறையும் சொல்வதே இல்லை" என்றார் மகன்.

மருமகளுக்குத்தான் அந்தப் பேச்சு உறுத்திற்று. "முன்பெல்லாம் ரசத்தில் உப்புப் போதாது என்று தினமும் சொல்லுவார். இப்போது அதுகூடச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது" என்றாள் என்னிடம்.

குளிர்காலம் வந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். விடுமுறை நாளில் மாமியாரைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போய், தோட்டத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அந்தத் தெருவின் பஞ்சாபிப் பாட்டிகள் எல்லோரும் அங்கேதான் வெயில் காய்ந்துகொண்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, மடியில் பட்டாணி உரித்துக்கொண்டு இருப்பார்கள். முதல் நாள் அம்மாள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் பக்கத்துப் பாட்டி ஒரு குவியல் பட்டாணியை இவர் முன்னால் தள்ளினாள். பட்டாணி உரிக்கப் பாஷை எதற்கு? பத்து நாளில், தானே படி இறங்கிப் போக ஆரம்பித்தார். ஒருவர் தமிழில் பேசுவார். மற்றவர் பஞ்சாபியில் பதில் சொல்வார். விஷயம் என்னவோ ஒன்றுதான்: முழங்கால் வலி, மருமகள், அந்தக் காலத்து நெய்யின் மணம்.

"நேற்று ராத்திரி ரசத்தில் உப்புப் போதாது என்றார்" என்று மருமகள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், முடிந்தால் கீழ்த்தளத்திலோ லிப்ட் உள்ள இடத்திலோ வீடு பாருங்கள். வாடகையில் கொஞ்சம் கூடினாலும் பாதகம் இல்லை. 'அம்மாவுக்குத் தனி அறை இருக்கிறது' என்பது போதாது. அந்த அறையிலிருந்து வெளியே வர ஒரு வழியும், வந்தால் உட்கார ஓர் இடமும் வேண்டும். கோடையைக் கழிக்கத் தெற்கே போக வேண்டும் என்று அவர் விரும்பினால், அதைக் கோபித்துக்கொண்டு போவதாக நினையாமல் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

குழந்தைகளின் தமிழ்

கடைசியாகக் குழந்தைகள். மாற்றல் உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்காகவே 1963-ல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பாடத் திட்டம் நாடு முழுவதும் ஒன்று. மறுபடி மாற்றல் வந்தாலும் படிப்பு கெடாது. தமிழும் வேண்டும் என்பவர்கள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளை விசாரிக்கலாம். நம் ஊரில் கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் தில்லியில் அது நடந்துகொண்டிருக்கும். ஆகையால் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் ரயில் டிக்கெட்டையும் முன்னதாகவே யோசித்துக்கொள்வது நல்லது.

வீட்டில் தமிழ் பேசினால் போதும், தானாக வந்துவிடும் என்பது பெற்றோர் பலருடைய நம்பிக்கை. பேச்சு வரும், எழுத்து வராது. தில்லியில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். ஊரிலிருந்து தாத்தா எழுதிய கடிதத்தைப் படிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் பத்திரிகைகள் தில்லிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அம்மாக்கள் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைப்பார்கள். அந்தப் பைண்டுப் புத்தகங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. படிக்கத்தான் ஆள் இல்லை.

இதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் தேவையில்லை. தினம் கால் மணி நேரம் போதும். அதற்கு வாத்தியாரும் வெளியே இல்லை. நான் சொன்ன குடும்பத்தில் இப்போது இரவுச் சாப்பாடு ஆனதும் பேத்தி பாட்டியின் ரஜாய்க்குள் புகுந்துகொண்டு, தொடர்கதையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை; பேத்திக்கு எழுத்துச் சரியாகத் தெரிவதில்லை. 'ழ' வரும் இடங்களில் பாட்டி நிறுத்தித் திருத்துகிறாள். ஒரு பக்கம் முடிய அரை மணி ஆகிறது. அதனால் என்ன? அடுத்த இதழ் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே!